கயிறு பிடிக்கிறவருக்குக் கொட்டுச் சாவி எதுக்கு?

(தூத்துக்குடியில் அரசு அலுவலகக் கணினிப் பிரிவு ஊழியர்களுக்கும் இ-சேவை மைய ஆபரேட்டர்களுக்கும் நடந்த பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்.)

காலையிலிருந்து மூன்று வகுப்பு முடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசுறவன் கதி எல்லா ஊரிலும் ஒண்ணுதான். அதனால திரையில் படம் போடாம, என் தப்பு ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். அடுத்தவன் தப்பைக் கேட்கும்போது யாருக்கும் தூக்கம் வராது.

சில வருஷத்துக்கு முந்தி, வேறொரு மாவட்டத்தில், ஓர் அலுவலகத்தில் நாலஞ்சு சர்வரைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். எல்லா சர்வரிலும் ஜாபிக்ஸ் என்கிற கண்காணிப்பு மென்பொருளின் ஏஜென்ட் ஓடுது. அது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சிருக்கா, இணைப்பு இருக்கா, நினைவகம் எவ்வளவு மிச்சம்னு பாத்து நடுவில் இருக்கிற கணினிக்குச் சொல்லும். அங்கே ஒரு திரை. பச்சை இருந்தா நிம்மதி, சிவப்பு வந்தா ஓட வேண்டியது.

நேற்று ராத்திரி பேக்கப் எடுத்ததா இல்லையான்னும் அந்தத் திரையில் தெரிஞ்சா நல்லதுன்னு நினைச்சேன். சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். என் சொந்த ஃபோல்டரில் எழுதி, அங்கிருந்து யூஸர்-லோக்கல்-பின் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். நான் ஓட்டினா ஓடுது. ஏஜென்ட் ஓட்டினா 'அனுமதி மறுக்கப்பட்டது'. 777 கொடுத்துப் பாத்தேன். அதாவது யார் வேணும்னாலும் படி, எழுது, ஓட்டு. அப்பவும் மறுக்குது. மணி ஆறு. ஆறே காலுக்குப் பஸ். இணையத்தில் தேடினா முதல் பதிலே, செட்என்ஃபோர்ஸ் 0 அடின்னு இருந்தது. அடிச்சேன். உடனே ஓடிட்டு. சர்வரை மறுபடி தொடங்கினாலும் அப்படியே இருக்கட்டும்னு அமைப்புக் கோப்பிலும் மாத்தி வச்சேன். பேக்கப் ஃபோல்டரை ரூட் மட்டும்தான் பார்க்க முடியும். அதனால ஏஜென்ட்டுக்குப் பாஸ்வேர்டு கேட்காத சூடோ அனுமதியும் கொடுத்தேன். நடுவிலிருந்தே கட்டளை அனுப்புற வசதியையும் திறந்து விட்டேன். எல்லாத்தையும் நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்னு பஸ் ஏறினேன்.

அந்த நாளைக்கு வர ஏழு மாசம் ஆச்சு.

ஜூன் மாசம். கல்லூரிச் சேர்க்கை நேரம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்றுக்கு வரிசை வாசல் தாண்டி நிக்குது. சர்வர் எல்லாம் ஆமை மாதிரி நகருது. ஆனா திரையில் எல்லாம் பச்சை. தோண்டிப் பார்த்தா, கண்காணிப்புத் திரையின் இணையப் பக்கத்துக்கு மென்பொருள் கூட வந்த பாஸ்வேர்டை யாருமே மாத்தலை. அதன் வழியா எவனோ உள்ளே வந்திருக்கான். நான் திறந்து வச்ச வழியிலேயே எல்லா சர்வருக்கும் கட்டளை அனுப்பியிருக்கான். சூடோ வழியா ரூட் ஆகி, கிரிப்டோ நாணயம் தோண்டுற மென்பொருளைப் போட்டு, போகும்போது லாக் கோப்புகளையும் அழிச்சிட்டான். தகவல் எதையாவது எடுத்தானா இல்லையான்னு எங்களால சொல்ல முடியலை. சொல்ல முடியாததால மூணு நாள் எல்லாத்தையும் நிறுத்த வேண்டியதாப் போச்சு.

இரண்டாம் நாள் ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்தாங்க. அந்தம்மா மீன் விக்கிறவங்க, கூடையோடயே வந்திருந்தாங்க. பையனுக்கு மறுநாள் கலந்தாய்வு. முதல் பட்டதாரிச் சான்று வேணும். 'சர்வர் இல்லம்மா'ன்னு கவுன்டரில் சொன்னாங்க. அந்தம்மா சண்டை போடலை. 'எப்ப வரும்யா?'ன்னு மட்டும் கேட்டாங்க. நான் உள்ளே உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். அவங்க போன பிறகும் அந்தப் பையன் பெயரைக்கூட நான் விசாரிக்கலை. விசாரிக்கத் துணிவு வரலை.

அன்னைக்கு ஆறு மணிக்கு நான் அணைச்சது என்ன? அதுதான் இன்றைய பேச்சு. அதன் பெயர் செலினக்ஸ். அது செய்கிற வேலைக்குப் பெயர் கட்டாய அணுகல் கட்டுப்பாடு. பெயர் பயமுறுத்தும். இந்தக் கடற்கரைக்காரங்களுக்குப் பயப்பட ஒண்ணுமில்லை. இதே ஏற்பாட்டில்தான் இங்கே முத்துக் குளிச்சாங்க.

நம்ம மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கலை. உங்களில் பலருடைய தாத்தாமார் அதைப் பாத்திருப்பாங்க. தொலையிரம் பார் மாதிரியான பார்களில் எப்போ குளிக்கலாம்னு அரசு அறிவிக்கும். படகு ஒருத்தருடையது. மூச்சடக்கி மூழ்குறவர் வேறொருத்தர். மேலே படகில் கயிறு பிடிக்கிறவர் மூணாவது ஆள். கயிறு அசைஞ்சா இழுக்கணும், அவர் வேலை அவ்வளவுதான். மூழ்குறவர் உயிர் அந்தக் கையில் இருக்கு. அதனாலதான் மனைவியின் அண்ணன் தம்பியைக் கயிறு பிடிக்க வைப்பாங்கன்னு இங்கே ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலிக்குத் தானே பொறுப்புன்னு மச்சான் தூங்காம இருப்பானாம்!

கரைக்கு வந்ததும் சிப்பி எல்லாம் 'கொட்டு' என்கிற வேலியடைச்ச இடத்துக்குப் போகும். அங்கே மூணு குவியலாப் பிரிப்பாங்க. இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிச்சவங்களுக்கு. எந்தக் குவியல் யாருக்குன்னு முடிவு பண்றது அதிகாரி. வழியிலேயே சிப்பியைத் திறந்து பார்க்கக் கூடாதுன்னு காவல் வேற. படகு என்னுடையது, சிப்பியை எடுத்தவன் நான், அதனால இங்கேயே திறப்பேன்னு யாரும் சொல்ல முடியாது. அந்தப் பங்கு நியாயமா இல்லையான்னு தனியா ஒரு நாள் பேசலாம். எனக்கு அதில் வேற கருத்து உண்டு. இங்கே நமக்கு வேண்டியது ஒரு விஷயம்: விதி, பொருளை வச்சிருக்கிறவன் கையில் இல்லை, அவனுக்கு மேலே ஓர் இடத்தில் இருக்கு.

சாதாரணமா லினக்ஸில் ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்பதை அந்தக் கோப்பின் உரிமையாளரே முடிவு பண்றார். நான் 777 கொடுத்த மாதிரி. இது விருப்பப்படி தரும் அனுமதி. ரூட் என்றால் கேள்வியே இல்லை, எல்லாக் கதவும் திறக்கும். கட்டாய அணுகல் கட்டுப்பாடு இதுக்கு மேலே இன்னொரு அடுக்கு. ஓடுகிற ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டுக்கும் ஒரு பட்டை. எந்தப் பட்டைக்காரர் எந்தப் பட்டையைத் தொடலாம்னு ஒரு பெரிய விதிப் புத்தகம் கெர்னலுக்குள் இருக்கு. புத்தகத்தில் 'அனுமதி'ன்னு எழுதியிருந்தா உண்டு, எழுதலைன்னா இல்லை. அந்தப் பட்டைக்குள் அடைபட்ட நிரல் ரூட்டாகவே ஓடினாலும் இதுதான் கதை.

துறைமுகத்தில் தினமும் இதைத்தான் பாக்கிறோம். கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான பன்னாட்டு விதிகள் 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வ.உ.சி. துறைமுக வாசலில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினர் நிக்கிறாங்க. நீங்க துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பாத்தவரா இருக்கலாம், சரக்கின் சொந்தக்காரராகவே இருக்கலாம். அட்டையில் எந்தப் பகுதி எழுதியிருக்கோ அந்தப் பகுதி மட்டும்தான். காவலர் உங்க முகத்தைப் பார்க்கிறதில்லை, அட்டையைப் பார்க்கிறார்.

செலினக்ஸை எழுதியது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. 2000 டிசம்பரில் மூல நிரலோடு வெளியிட்டாங்க. 2003-இல் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்தது. உளவு பாக்கிறவன் செஞ்ச பூட்டை நம்பலாமான்னு போன வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. மூல நிரல் இருபது வருஷத்துக்கு மேலா எல்லார் கண் முன்னாடியும் கிடக்கு, உலகம் முழுக்கப் பலபேர் படிச்சும் திருத்தியும் இருக்காங்க. நம்புறதுக்கு அதுதான் காரணம். உங்க சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தா, 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து அதில் செலினக்ஸ் முழுசாக் காவல் நிக்குது. யாராவது ஒருநாளாவது அதை அணைச்சீங்களா? இல்லை. அப்போ சர்வரில் மட்டும் ஏன் அணைக்கிறோம்?

சில அலுவலகங்களில் உபுண்டு இருக்கும். நம்ம சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினியில் பாத்திருப்பீங்க, அது டெபியன் வழி வந்தது. இந்தக் குடும்பத்தில் வழக்கமா இருக்கிறது ஆப்ஆர்மர். அது பட்டை ஒட்டாது. கோப்பு இருக்கிற பாதையை வச்சு, இந்த நிரல் இந்தப் பாதையைப் படிக்கலாம், அதில் எழுதக் கூடாதுன்னு சொல்லும். படிக்கவும் எழுதவும் செலினக்ஸைவிட எளிது. இன்னைக்கு நான் செலினக்ஸை வச்சே பேசுறேன், என் சூடு பட்டது அதில்தான்.

இப்போ, ஏன் குறிப்பாக் கண்காணிப்புச் சேவை? கவுன்டர் சர்வரைப் பத்தி எல்லாரும் கவலைப்படுறோம். கண்காணிப்பு மென்பொருள் ஓரமா ஓடுற வேலைக்காரன்னு நினைக்கிறோம். ஆனா எல்லா சர்வரோடும் பேசுறது அது ஒண்ணுதான். எது எங்கே இருக்கு, எது பலவீனம், எது ராத்திரியில் தூங்கும்னு அதுக்குத்தான் தெரியும். 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் விவகாரம் வெளியே வந்தது ஞாபகம் இருக்கும். அவங்களோட ஓரியன் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள். அதன் அப்டேட்டுக்குள்ளேயே திருட்டு நிரலை வச்சு அனுப்பிட்டாங்க. சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. ஓரியன் விண்டோஸில் ஓடுவது, அங்கே செலினக்ஸ் கிடையாது, அதனால செலினக்ஸ் இருந்திருந்தா தடுத்திருக்கும்னு நான் கதை விட மாட்டேன். பாக்கிறவனையே பிடிச்சா எல்லாத்தையும் பிடிச்ச மாதிரின்னு திருடனுக்குத் தெரிஞ்சிருக்கு என்பதுதான் அதில் நமக்கு உள்ள சேதி.

துறைமுகத்துக்காரங்க 2017 ஜூனை மறந்திருக்க மாட்டீங்க. நாட்பெட்யா வந்து மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தையே முடக்கிட்டு. நம்ம கரையிலேயே தெற்கே கூடங்குளத்தில், 2019-இல் நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒத்துக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த நெட்வொர்க்கோடு சேராமல் தனியா இருந்ததுன்னும் சொன்னாங்க. அந்தத் தனியா இருக்கிறதைத்தான் ஒரே சர்வருக்குள்ளே, நிரலுக்கும் நிரலுக்கும் நடுவில், செலினக்ஸ் செய்யுது.

சரி, ஆபத்துன்னா கண்காணிப்பையே எடுத்துடலாமேன்னு சிலர் சொல்வாங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைச்சுப் பாருங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ரோடு இல்லை, கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் எந்த அலுவலகத்து இணைப்பு உயிரோட இருக்கு, எந்த யுபிஎஸ் இன்னும் எத்தனை நிமிஷம் தாங்கும்னு தெரிஞ்சாத்தான் ஆளை எங்கே அனுப்புறதுன்னு முடிவு பண்ண முடியும். கயிறு பிடிக்கிற ஆள் கட்டாயம் வேணும். அவர் கையில் கொட்டுச் சாவியையும் கொடுத்தது என் தப்பு.

என் ஸ்கிரிப்ட் ஏன் ஓடலைன்னு இப்போ சொல்றேன். கோப்பை நகர்த்தினா அதன் பட்டையும் கூடவே போகும். நகல் எடுத்தா, போய்ச் சேர்ற ஃபோல்டரின் பட்டை ஒட்டும். நான் நகர்த்தினேன். அதனால யூஸர்-லோக்கல்-பின்னில் கிடந்தாலும் என் ஸ்கிரிப்ட்டில் 'வீட்டுப் பொருள்'னு பட்டை இருந்தது. யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த பண்டத்தை ஏஜென்ட் ஏன் ஓட்டணும்னு செலினக்ஸ் தடுத்தது. நியாயம்தானே? ரெஸ்டோர்கான் என்று ஒரே ஒரு கட்டளை, அந்த இடத்துக்குரிய பட்டையை ஒட்டிட்டுப் போயிருக்கும். பஸ்ஸையும் பிடிச்சிருப்பேன்.

ஆக, மறுப்பு வந்தா முதலில் லாக்கைப் படிங்க. ஆடிட் லாக்கில் 'ஏவிசி'ன்னு தொடங்குற வரி இருக்கும். யார் கேட்டது, எதைக் கேட்டது, என்ன செய்யக் கேட்டது, மூணும் அதில் இருக்கும். பட்டை தப்பா இருந்தா பட்டையைத் திருத்துங்க. பாதிப் பிரச்சினை அங்கேயே முடிஞ்சிரும். பட்டை சரின்னா, இதுக்கு ஏற்கெனவே ஒரு சுவிட்ச் இருக்கான்னு பாருங்க. ஜாபிக்ஸுக்கு நெட்வொர்க்கில் பேச அனுமதின்னு ஒரு சுவிட்ச், சூடோ ஓட்ட அனுமதின்னு இன்னொண்ணு. இயல்பில் இரண்டும் அணைஞ்சிருக்கும். முதலாவதை யோசிச்சுப் போடலாம். இரண்டாவதைப் போடுறதுக்கு முந்தி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. அன்னைக்கு நான் செலினக்ஸை அணைக்காம விட்டிருந்தா, அந்தச் சூடோ வழி அணைஞ்சே இருந்திருக்கும். வந்தவன் ஏஜென்ட் பட்டைக்குள்ளேயே சுத்தியிருப்பான். லாக்கை அழிச்சிருக்க முடியாது, பாஸ்வேர்டுக் கோப்பைத் தொட்டிருக்க முடியாது. ஆனா மாத்தாத பாஸ்வேர்டுக்கு செலினக்ஸில் மருந்து கிடையாது. அவன் வேற சேட்டையே பண்ணியிருக்க மாட்டான்னும் சத்தியம் செய்ய மாட்டேன். எங்கே கைவச்சான்னு தெரிஞ்சிருக்கும், மூணு நாள் அரை நாளா ஆகியிருக்கும்.

சுவிட்சும் இல்லை, இன்னும் சோதிச்சுப் பார்க்கணும்னா, முழுக் காவலையும் எடுக்காதீங்க. அந்த ஒரு பட்டைக்கு மட்டும் தளர்வு கொடுக்கலாம். செமனேஜ் கட்டளையில் அதுக்கு வழி இருக்கு. மத்த எல்லாம் காவலிலேயே இருக்கும். இந்த ஒரு நிரல் எதையெதை மீறுதுன்னு எழுதிக்கிட்டே வரும். வேலை முடிஞ்சதும் தளர்வை எடுக்கிற தேதியைக் காலண்டரில் எழுதுங்க. நான் எழுதலை.

இதில் ஒரு குழி இருக்கு. ஆடிட்2அலவ் என்று ஒரு கருவி. மறுப்பு வரிகளைக் கொடுத்தா, அதையெல்லாம் அனுமதிக்கிற விதியைத் தானே எழுதிக் கொடுக்கும். வேலை சுலபம். ஆனா அதுக்கு நல்லவன் கேட்டதும் திருடன் கேட்டதும் ஒண்ணுதான். ஒரு வாரத்து மறுப்பு எல்லாத்தையும் அள்ளிக் கொடுத்து விதி எழுத வச்சா, அந்த வாரம் எவனாவது உள்ளே தட்டிப் பாத்திருந்தா அவனுக்கும் சேர்த்து நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அது எழுதின விதியை வரி வரியாப் படிங்க. கண்காணிப்பு ஏஜென்ட்டுக்கு 'ஷேடோ' படிக்க அனுமதின்னு ஒரு வரி வந்தா, அது பாஸ்வேர்டு இருக்கிற கோப்பு. பேக்கப் எடுத்ததான்னு பாக்கிறவனுக்கு அது எதுக்கு?

என் பேக்கப் வேலைக்குக்கூடச் சரியான வழி வேற. ஏஜென்ட்டை பேக்கப் ஃபோல்டருக்குள் விடவே வேண்டாம். பேக்கப் எடுக்கிற வேலையே, முடிச்சதும் ஒரு சின்னக் கோப்பில் 'இத்தனை மணிக்கு முடிஞ்சது'ன்னு எழுதி வெளியே வைக்கட்டும். ஏஜென்ட் அதை மட்டும் படிக்கட்டும். உள்ளே இருக்கிறவர் வாசலுக்கு வந்து சொல்லிட்டுப் போறாரு, அவ்வளவுதான். சூடோவும் வேண்டாம், ரூட்டும் வேண்டாம். இப்போ எல்லா இடத்திலும் அப்படித்தான் வச்சிருக்கேன்.

லாக் பத்தி ஒண்ணு. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் போட்ட உத்தரவு தெரியும்: குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிஞ்ச 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும், லாக்கை 180 நாள் வச்சிருக்கணும். நிறைய சர்வரில் ஆடிட் லாக் இயல்பா எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு கோப்பு 8 எம்.பி., மொத்தம் 5 கோப்பு. நாற்பது எம்.பி. நிறைஞ்சதும் பழசை அழிச்சிட்டுப் புதுசு எழுதும். கூட்டமான சர்வரில் சில நாளிலேயே சுத்தி வந்துரும். 180 நாள் எங்கே, சில நாள் எங்கே? அளவைக் கூட்டுங்க. அதைவிட முக்கியம், லாக்கை உடனுக்குடன் வேறொரு சர்வருக்கும் அனுப்புங்க. இங்கே அழிச்சாலும் அங்கே இருக்கும்.

கேள்வி ஒண்ணு சீட்டில் எழுதி வந்திருக்கு. 'மென்பொருள் கொடுக்கிற நிறுவனமே, செலினக்ஸை அணைச்சாத்தான் எங்க சாப்ட்வேர் ஓடும், அணைக்கலைன்னா சப்போர்ட் கிடையாதுன்னு எழுதிக் கொடுக்குது. நாங்க என்ன செய்ய, அண்ணாச்சி?'

எனக்கும் நடந்திருக்கு. நிறுவனத்து ஆள் வந்து உக்காந்ததும் முதல் வேலையா அதைத்தான் அணைப்பார். அவரைக் குத்தம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவருக்கும் ஆறே காலுக்குப் பஸ் இருக்கும். வேலை கொடுக்கும்போதே எழுத வேண்டியது நாம. பணி ஆணையில், மென்பொருள் செலினக்ஸ் அல்லது ஆப்ஆர்மர் முழுக் காவலில் ஓட வேண்டும், தேவையான விதிகளை நிறுவனமே எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த நிலையில் சோதித்துக் காட்டிய பிறகே இறுதித் தொகைன்னு ஒரு வரி சேருங்க. டெண்டர் திறந்தப்புறம் கேட்டா யாரும் தர மாட்டாங்க, முந்தியே எழுதினா தருவாங்க. ஏற்கெனவே வாங்கின மென்பொருள்னா, அந்த ஒரு நிரலுக்கு மட்டும் தளர்வு கொடுத்து, அதைத் தனி சர்வருக்கு ஒதுக்கிடுங்க. கவுன்டர் சர்வரோடு சேர்த்து வைக்காதீங்க.

திங்கள்கிழமை அலுவலகம் போனதும் ஒவ்வொரு சர்வரிலும் கெட்என்ஃபோர்ஸ்னு அடிச்சுப் பாருங்க. 'என்ஃபோர்சிங்'னு வந்தா நல்லது. 'பெர்மிசிவ்'னு வந்தா யார், எப்போ, எதுக்கு அப்படி மாத்தினாங்கன்னு பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட கேளுங்க. திட்டாமக் கேளுங்க, உண்மை வரும். 'டிசேபிள்ட்'னு வந்தா அவசரப்பட்டு அப்பவே போட்டுராதீங்க. இவ்வளவு நாளும் பட்டை இல்லாமலே கோப்புகள் உருவாகியிருக்கும். முதலில் பெர்மிசிவ் நிலையில் வச்சு, மறுபடி தொடங்கும்போது எல்லாக் கோப்புக்கும் பட்டை ஒட்ட விடுங்க. பெரிய டிஸ்க்னா நேரம் பிடிக்கும், அதனால விடுமுறை நாளில் செய்யுங்க. சேர்க்கை சீசனில் வேண்டவே வேண்டாம்.

டீ வந்துட்டுன்னு பின்னாடியிருந்து கை காட்டுறாங்க. மிச்சக் கேள்வியை அங்கே வச்சுக்கலாம்.